தொலைபேசிக் கட்டணமும் யூஸ்நெட் ஒழுக்கமும்

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். கணினிகள் வழியே பலரும் பொதுவில் எழுதி உரையாடிய யூஸ்நெட் என்ற வலையமைப்பின் 1980களின் மடல்களை அண்மைக்காலமாகப் படித்துவருகிறேன். மறுமொழி எழுதுவோர் வேண்டிய வரிகளை மட்டுமே மேற்கோள் காட்ட வேண்டும், கையொப்பம் நான்கு வரிகளைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் ஒருவரையொருவர் கடிந்துகொள்கிறார்கள். இத்தனை கண்டிப்பு எதற்காக என்பதை அக்காலத்தில் எழுதிய பெரியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1
காசுதான் காரணம். 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் திட்டமிட்ட அந்த வலையமைப்பில் தலைமைக் கணினி என்று எதுவும் கிடையாது. யூனிக்ஸ் இயங்குதளம் கொண்ட ஒரு கணினி, பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில், அடுத்ததைத் தொலைபேசியில் அழைத்துப் புதிய மடல்களைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். வெளியூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடமோ நொடிக்கு 1200 பிட் வேகத்தில் ஊர்ந்தது. ஆகவே வீணான ஒவ்வொரு வரிக்கும் எங்கோ ஒரு நிறுவனம் பணம் கட்டியது. யூஸ்நெட் மடல்களைப் படிப்பதற்காக லாரி வால் எழுதிய ஆர்என் மென்பொருளோ, மடலை அனுப்பும் முன், இது ஆயிரக்கணக்கான கணினிகளுக்குச் செல்லும், நூற்றுக்கணக்கான டாலர் செலவாகும், அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டு, புதியவர்களை மிரளவைத்தது.

பதில் 2
மேற்கோள் வரிகள் சொந்த வரிகளைவிட மிகுந்தால் மடலையே ஏற்க மறுத்த மென்பொருளும் இருந்தது. அதை ஏமாற்றுவதற்கென்றே அடியில் பொருளற்ற வரிகளைச் சேர்த்து அனுப்பிய புண்ணியவான்களும் இருந்தார்கள்! ஆனால் மேற்கோளை அறவே விடவும் முடியாது. மடல்கள் வெவ்வேறு வழியாகப் பயணம் செய்ததால், சில ஊர்களில் கேள்விக்கு முன்பே பதில் வந்து சேர்ந்துவிடும்.

பதில் 3
1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய, கணினித் தகவல் பலகைகளைத் தொலைபேசி வழியே இணைத்த ஃபைடோநெட்டில் இக்கண்டிப்பு இன்னும் கடுமை. அங்கே பெரும்பாலும் தனிமனிதர்களே தம் கைக்காசைச் செலவிட்டனர். ஆயினும் முதல் பதிலை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1986இல் யூஸ்நெட் மடல்களை இணையம் வழியே பரிமாறும் என்என்டிபி நெறிமுறை வந்தபின் பெருமளவு மடல்கள் அவ்வழியே செல்லத் தொடங்கின; தொலைபேசிச் செலவு குறைந்தது, ஒழுக்கம் குறையவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களில் சேரும் புதிய மாணவர்களைப் பழையவர்கள் சில வாரங்களில் பழக்கிவிடுவார்கள். 1993இலிருந்து வணிகச் சேவைகளின் சந்தாதாரர்கள் மாதந்தோறும் திரளத் தொடங்கியபோதுதான், பழக்குவதற்கு ஆள் போதாமல் அந்த ஏற்பாடு குலைந்தது. விதிகளை முழுமையாகப் பார்க்க விரும்பினால், புதியவர்களுக்கென்றே இயங்கிய நியூஸ்.அனவுன்ஸ்.நியூயூசர்ஸ் குழுவின் பழைய மடல்களைத் தேடிப் படியுங்கள்.