புதுப்பிப்பு: மகளுக்கு வீட்டிலேயே தமிழ் வாசிப்பு

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஆறு வயது மகள், கெ, கொ என்று கொம்பு (ெ) வரும் எழுத்துகளில் திணறுகிறாள் என்று முன்பு எழுதியிருந்தேன். 247 எழுத்து அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றுங்கள் என்று பலர் சொன்னீர்கள். கழற்றிவிட்டேன். (மாமியாருக்குத்தான் மனமே இல்லை.)

ட, ப, ம என்று எளிதாக வரையக்கூடிய எழுத்துகளில் தொடங்கி, படம், மடம், பட்டம் என உடனே சொற்களுக்குப் போனோம். அதில் சிக்கல் இல்லை. கொம்புதான் பாடாய்ப் படுத்தியது. கண்ணுக்கு அது முன்னால் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொடி'யைப் பார்த்து "கெ... ஆ... டி" என்றாள். இப்போது கொம்பையும் துணைக்காலையும் (ா) பிரிக்காமல், 'கொ' முழுவதையும் ஒரே அட்டையில் காட்டுகிறேன். ஓரளவு பிடிபட்டுவிட்டது.

எழுதுவதற்கு மளிகைப் பட்டியல். வெங்காயம் 'வேங்காயம்' ஆனது; கடைக்கார அண்ணாச்சி சிரிக்காமல் எடைபோட்டுக் கொடுத்தார். பார்த்து எழுது என்றால் ஓடுகிறவள், பட்டியல் என்றால் பென்சிலோடு வந்து நிற்கிறாள்.

தாத்தாவின் பழைய புத்தகத்தில் 'யானை'யின் னை வேறு மாதிரி இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். முன்பு துதிக்கை போல வளைத்து எழுதிய அந்த வடிவத்தை மாற்றிய 1978 எழுத்துச் சீர்திருத்தத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து துதிக்கை போட்டே எழுதுகிறாள். நான் தடுக்கவில்லை.

பத்தாம் வகுப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) 14 வயது நிறைந்தால் எழுதலாம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. குறில் நெடில் குழப்பத்துக்குக் கைவைத்தியம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.