கணவன் மாட்டிக்கொண்டால் மனைவி ஏன் பக்கத்தில் நிற்கிறாள்?

சாட்ஸ்வொர்த் வாணி:
டர்பனில் ஒரே மழை, அம்மாவும் நானும் 'தி குட் வைஃப்' என்ற அமெரிக்க டிவித் தொடரை முதலிலிருந்து பார்க்கிறோம். 2009-இல் வந்த முதல் பகுதி. சிகாகோவில் அரசு வழக்கறிஞராக இருக்கும் பீட்டர், விலைமாது விவகாரத்தில் சிக்கிப் பதவி விலகுவதாக மைக் முன்னால் சொல்கிறான், பக்கத்தில் மனைவி அலிஷியா. அவன் பேசுவது எதுவும் அவளுக்கு ஏறவில்லை, அவன் கோட்டுக் கையில் தொங்கும் ஒரு நூலையே பார்க்கிறாள், அதை எடுக்கக் கை போகிறது. உள்ளே போனதும் அவன் கன்னத்தில் ஓர் அறை விடுகிறாள். அம்மா கேட்டார்: "அறைந்தது சரி, அங்கே போய் ஏன் நின்றாள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாடகம் இதைப் பொறுமை என்று புகழ்கிறதா?

பீனிக்ஸ் செல்வம்:
புகழவில்லை, தங்கச்சி. அந்தக் காட்சிக்கு விதை நிஜத்தில் இருக்கிறது. 2008 மார்ச்சில் நியூயார்க் ஆளுநர் எலியட் ஸ்பிட்சர் இதே மாதிரி விவகாரத்தில் பதவி விலகியபோது மனைவி சில்டா பக்கத்தில் நின்றார். ஹார்வர்டில் சட்டம் படித்து, பெரிய வேலையை விட்டவர். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் 2009 ஜூனில் தென் கரோலினா ஆளுநர் மார்க் சான்ஃபோர்ட் தன் கள்ளத்தொடர்பை ஒப்புக்கொண்டபோது மனைவி ஜென்னி அந்தப் பக்கமே வரவில்லை, அடுத்த வருடம் விவாகரத்தும் ஆகிவிட்டது. நிற்காமல் இருக்கவும் முடியும். அலிஷியா நின்றதற்குக் காரணம் பொறுமை இல்லை, அவள் அப்போது மரத்துப்போயிருந்தாள். நாடகம் நன்றாகச் செய்தது அதற்கு அப்புறம்தான்: 13 வருடம் வீட்டில் இருந்தவள், வயதில் சின்னப் பையனோடு ஒரே இடத்துக்குப் போட்டி போட்டு வக்கீல் வேலையைத் திரும்பப் பிடிக்கிறாள், மாமியார் வீட்டுக்குள் வந்து நாட்டாமை செய்கிறாள். கண்ணீரை விட அந்த வீட்டுச் செலவுக் கவலைதான் எனக்கு உண்மையாகப் பட்டது.

மீனா, டோங்காட்:
எங்கள் பெரியம்மா இப்படி நின்றவர்தான். பெரியப்பா ஊரில் கோயில், கட்சி என்று பெரிய ஆள், இன்னொரு குடும்பம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துபோன வருடம் அது. இங்கே தென்னாப்பிரிக்காவில் வழக்கமாகச் செய்வதுபோல் குட் ஃப்ரைடே அன்று மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது பெரியம்மா மஞ்சள் புடவையில் அவர் பக்கத்திலேயே நின்றார், ஆனால் தலையில் பூ இல்லை. என் அம்மா ஒருத்திதான் அதைக் கவனித்தார். "பாவம், கண்ணகி மாதிரி" என்றார்கள் சிலர். கண்ணகியை இவர்கள் சரியாகப் படிக்கவில்லை. குளத்தில் மூழ்கிக் காமனைக் கும்பிட்டால் கோவலன் திரும்புவான் என்று தோழி சொன்னபோது, அது பெருமை இல்லை என்று மறுத்தவள் அவள். டிவி இந்தப் பூ வைக்காத தலையைக் காட்டினால் போதும், அழுகையும் வசனமும் வேண்டாம்.

பீனிக்ஸ் செல்வம்:
மீனா, நீங்கள் சொன்னது நெஞ்சில் நிற்கிறது. வாணி, கடைசிப் பகுதி பார்க்கவில்லை என்றால் இதைத் தாண்டிப் போங்கள். 2016-இல் பீட்டர் மறுபடி பதவி விலகுகிறான், அலிஷியா மறுபடி பக்கத்தில். பாதியிலேயே அவள் விலகிப் போய்விடுகிறாள், அவன் கை அவளைத் தேடுகிறது. ஆனால் அவளுக்கும் ஓர் அறை விழுகிறது, தன் தோழி டயானிடமிருந்து. பீட்டரைக் காப்பாற்ற நடந்த வழக்கில் டயானின் கணவன் விவகாரத்தைக் கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் அலிஷியா இழுக்க வைத்துவிட்டாள். தனக்கு நடந்ததையே இன்னொரு மனைவிக்குச் செய்துவிட்டாள், அதை நாடகம் மூடி மறைக்கவில்லை.

சாட்ஸ்வொர்த் வாணி:
அண்ணா, படித்துவிட்டேன், பரவாயில்லை. மீனாக்கா, பூ விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த நூலை அவள் எடுத்தாளா இல்லையா, திரும்பப் போடு" என்கிறார்.