பாரசீகம் பத்தி சார்டின் எழுதுனது, யாராவது உதவுங்க ப்ளீஸ்

வணக்கம் மக்களே, ஜான் சார்டின்னு ஒரு பிரெஞ்சு நகை வியாபாரி, 1660கள், 70கள்ல அப்போதைய பாரசீகத் தலைநகர் இஸ்ஃபஹான்ல இருந்தவர், அவர் எழுதுனத ரெண்டு மாசமா படிச்சிட்டு இருக்கேன். 1686ல லண்டன்ல வந்த இங்கிலீஷ் பதிப்போட ஸ்கேன்தான் கைல இருக்கு, அதுல எஸ் பாதி எஃப் மாதிரியே இருக்கும், ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள கண்ணு கட்டிடுது.

அதுல ஒரு விஷயம் விடவே மாட்டேங்குது. 1666ல ஷா சஃபின்னு ஒருத்தர் பட்டத்துக்கு வர்றாரு, உடம்பு சரியில்ல, பஞ்சம், விலைவாசி ஏறுது, ஜோசியக்காரங்க முகூர்த்தம் சரியில்லன்னு சொல்லிடறாங்க. உடனே 1668ல சுலைமான்னு பேர மாத்தி மறுபடியும் முடிசூட்டிக்கிறாரு! நம்ம ஊர்ல பேர்ல ஒரு எழுத்து சேக்குறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

இப்போ கேள்வி என்னன்னா, இத பாரசீக மொழியில அந்தக் காலத்துலயே எழுதுனவங்க யாராவது இருக்காங்களா, இங்கிலீஷ்ல கிடைக்குமா? சார்டின் சொல்றத மட்டும் நம்பி எழுத பயமா இருக்கு, மனுஷன் நல்லா கவனிப்பாரு, ஆனா அரண்மனைக்குள்ள நடந்ததெல்லாம் அவருக்கு யாரோ சொன்னதுதானே.

அப்புறம் 1711 ஆம்ஸ்டர்டாம் பதிப்பு பிரெஞ்சுல இருக்கு, பிரெஞ்சு படிக்கத் தெரிஞ்ச பாண்டிச்சேரி ஆளுங்க யாராவது நாலு பக்கம் பாத்து சொன்னா போதும். இவரோட தம்பி டேனியல் நம்ம மெட்ராஸ் ஜார்ஜ் கோட்டையில வைர வியாபாரம் பண்ணவர், அதப்பத்தி தெரிஞ்சாலும் சொல்லுங்க.