சாமணத்தில ஏறின காந்தம் போகுதில்லை

குறுணி: அண்ணாமார், மணிக்கூடு திருத்துற ஸ்டீல் சாமணம் சின்ன ஸ்குறூவைத் தூக்கினால் விடுதில்லை. மணிக்கூட்டுக்குள்ள இருக்கிற மெல்லிய சுருள்கம்பி, ஹெயார்ஸ்பிரிங்கும் நுனிக்கு இழுபடுது. புறக்கோட்டையில விக்கிற, காந்தம் எடுக்கிற நீலப் பெட்டி என்னட்ட இருக்கு. முதல் தரம் பட்டனை அழுத்தக் காந்தம் குறைஞ்சது, ரெண்டாம் தரம் முன்னையவிடக் கூடிப்போச்சு. பெட்டி பழுதோ? அடுப்பில சூடாக்கினால் போகும் எண்டும் சொல்லினம்.

ஐம்பது ஹேர்ட்ஸ்: பெட்டி பழுதில்லைத் தம்பி, பட்டனை விட்ட இடம்தான் பிழை. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். பெட்டிக்கு மேல காந்தப்புலம் விநாடிக்கு 100 தரம் திசை மாறுது. சாமணம் அதில கிடக்கேக்க பட்டனை விட்டால், அந்தக் கணத்தில புலம் எந்தப் பக்கம் நிண்டுதோ அப்பிடியே ஏறி நிக்கும். சீட்டு இழுக்கிற மாதிரித்தான், எது வரும் எண்டு தெரியாது.

நுனியைப் பெட்டியின்ர மேல்தட்டில படுக்கையா வையுங்கோ. பட்டனை அழுத்தினபடியே மெதுவா மேல தூக்குங்கோ, 3, 4 விநாடி எடுக்கட்டும். ஒரு முழத்துக்கு மேல தள்ளி வந்த பிறகுதான் விரலை எடுக்கவேணும். அதுக்குள்ள புலம் 300, 400 தரம் புரண்டு, ஒவ்வொரு புரளலிலயும் காந்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சுபோகும். வெடுக்கெண்டு இழுத்தால் பாதியில நிண்டிடும். 10 விநாடிக்கு மேல அழுத்தாதேங்கோ, உள்ளுக்கு இருக்கிற கம்பிச்சுருள், கொயில் சூடேறும். கையில கட்டின மணிக்கூட்டைக் கழட்டித் தூர வையுங்கோ.

அடுப்பை மறவுங்கோ. இரும்பில காந்தம் போக 770 பாகை செல்சியஸ் வேணும். அதுக்கு முந்தியே ஸ்டீலின்ர பதம் போயிடும், நுனி அமத்த வளையும்.

செப்புக்கம்பி: பெட்டி இல்லாதவைக்கு, துவக்கு மாதிரி இருக்கிற டிரான்ஸ்போமர் சொல்டரிங் கன், அதுதான் ஈயம் உருக்கி ஒட்டுற கருவி, காணும். சாமண நுனியை அதின்ர கம்பி வளையத்துக்குள்ள விட்டு, விசையை அமத்தினபடியே மெதுவா வெளியில எடுங்கோ. வளையம் சுடும், முட்டவிடாதேங்கோ. பென்சில் மாதிரி இருக்கிற சொல்டரிங் அயன் சரிவராது. மீன்தொட்டிப் பம்பைப் பிரிச்சு 230 வோல்ட் கொயிலைத் தனிய எடுத்துச் செய்யிற வேலை வேண்டாம். இரும்புக் கருவைக் கழட்டினால் கரண்ட் கூட ஓடிக் கொயில் எரியும், கையும் தப்பாது.

திசைகாட்டி: முதல்ல காந்தம்தானோ எண்டு பாருங்கோ. ஸ்பிரிங்கில எண்ணெய் பட்டாலும் சுற்றுகள் ஒண்டோடொண்டு ஒட்டும், மணிக்கூடு வேகமா ஓடும். சின்னத் திசைகாட்டி ஒண்டை மேசையில வச்சு, சாமண நுனியைப் பக்கவாட்டால ஊசியின்ர ரெண்டு முனைக்கும் மெதுவாக் கிட்டக் கொண்டுபோங்கோ. ரெண்டையும் இழுத்தால் வெறும் இரும்பு. ஒண்டைத் தள்ளினால் காந்தம் இருக்கு. போன்ல இருக்கிற திசைகாட்டியை நம்பவேண்டாம், ஸ்பீக்கர் காந்தம் பக்கத்திலயே இருக்கு.

குறுணி: இப்ப ரெண்டு முனையும் இழுபடுது, தள்ளுப்படேல்லை. பற்றரி மணிக்கூட்டையும் இந்தப் பெட்டியில வைக்கலாமோ?

ஐம்பது ஹேர்ட்ஸ்: வேண்டாம். அதில சில்லைச் சுத்துற ரோட்டரே ஒரு குட்டிக் காந்தம். அது பலம் குறைஞ்சால் கம்பி நகராது.