300 எம்பிபிஎஸ் வேகம் இருந்தும் இரவில் பிங் எகிறுகிறது. எந்த இணைப்புக்கு மாறலாம்?

அரைத்தூக்கம்:

வணக்கம். வீட்டில் இருப்பது கேபிள் டிவி வயரிலேயே வரும் 300 எம்பிபிஎஸ் இணைப்பு. பகலில் ஆடினால் ஒரு குறையும் இல்லை, பிங் (சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம், மில்லி விநாடியில்) 35, 38 என்று நிற்கும். இரவு எட்டு மணி தாண்டினால் அதே சர்வரில் 90, திடீரென்று 240, மறுபடி 50. நான் ஒருவனைக் குறிபார்த்துச் சுடும்போது அவன் ஏற்கெனவே சுவருக்குப் பின்னால் போயிருக்கிறான். என் திரையில் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். அணியில் எனக்கு 'சிலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஸ்பீடு டெஸ்ட் போட்டால் அந்த நேரத்திலும் 280 வருகிறது. நிறுவனத்தை அழைத்தால், "வேகம் சரியாகத்தானே இருக்கிறது, வேண்டுமானால் 500 பிளானுக்கு மாறுங்கள்" என்கிறார்கள்.

ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. எங்கள் தெருவில் மூன்று வழிகள் இருக்கின்றன. இதே நிறுவனத்தில் 500; இன்னொரு நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் ஃபைபர்; 5ஜி ரவுட்டர், இதில் "500 வரை" என்கிறார்கள். ஃபைபர் நூறுதானே என்று தயக்கமாக இருக்கிறது. வீட்டில் நான்கு பேர். என் கணினி வைஃபையில் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பிங்பித்தன்:

எதை எடுத்தாலும் அந்த 500-ஐ மட்டும் எடுக்காதீர்கள். ஆன்லைன் ஆட்டம் ஓடும்போது அது தின்கிற டேட்டா பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்கூட வராது. உங்கள் நகர்வு, எதிராளியின் நகர்வு, சுட்டது, பட்டது என்று சின்னச் சின்ன டேட்டாப் பொட்டலங்கள் மட்டுமே போய்வருகின்றன. பேருந்தில் எத்தனை இருக்கை என்பது வேறு, அது சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்பது வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

வேகம் உதவுகிற ஒரே இடம் ஆட்டத்தைத் தரவிறக்கும்போதுதான். 100 ஜிபி ஆட்டம் 100 எம்பிபிஎஸ்ஸில் இறங்க இரண்டேகால் மணி நேரம் ஆகும், 500-இல் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதற்காக மட்டும் என்றால் இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம்.

வேகப்புயல்:

டிஎன்எஸ்-ஐ மாற்றிப் பாருங்கள் ப்ரோ. எனக்கு 20 குறைந்தது.

பிங்பித்தன்:

சர்வரின் பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடித் தருவதோடு டிஎன்எஸ் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஆட்டத்தின் பொட்டலங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. உங்களுக்குக் குறைந்தது வேறு எதனாலோ இருக்கும்.

கம்பியாள்:

சில வருடம் வீடு வீடாக இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நிறுவனத்தை மாற்றுவதற்கு முன் தாமதம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் புது இணைப்பிலும் இதே புலம்பலோடு வருவீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு வீட்டுக்குள்தான் இருக்கும்.

கணினியிலிருந்து மூன்று இடங்களுக்கு பிங் அனுப்புங்கள். முதலாவது உங்கள் ரவுட்டர், 192.168 என்று தொடங்கும் முகவரி. இரண்டாவது, டிரேஸ்ரூட் (பொட்டலம் போகும் வழியை வரி வரியாகக் காட்டும் கட்டளை) போட்டால் ரவுட்டருக்கு அடுத்த வரியில் தெரிவது. அதுதான் நிறுவனத்தின் முதல் படி. மூன்றாவது ஆட்டத்தின் சர்வர். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நூறு பிங். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பதுக்கு ஒரு தடவை. இரவுச் சோதனையின்போது வீட்டில் மற்ற எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிடுங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு, எத்தனை தொலைந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முக்கியமாக லேன் கேபிள் போட்டு ஒரு தடவை, வைஃபையில் ஒரு தடவை.

அப்புறம் ஒரு கேள்வி. டவுன்லோட் 280 என்றீர்கள். அப்லோட் எவ்வளவு?

அரைத்தூக்கம்:

அப்லோட் பக்கம் நான் பார்த்ததே இல்லை அண்ணா. பிளானில் 10 என்று போட்டிருக்கிறது.

லேன் கேபிள்தான் சிக்கல். ரவுட்டர் கூடத்தில், கணினி கடைசி அறையில். நடுவில் வயர் ஓடினால் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சிப் பார்க்கிறேன்.

ஓரக்கண்:

நானும் இதே குழப்பத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கம் ஃபைபரே கிடையாது. சாட்டிலைட் இணைப்பு விளையாட ஆகுமா?

பிங்பித்தன்:

எந்தச் சாட்டிலைட் என்பதைப் பொறுத்தது. பழைய வகை பூமியிலிருந்து 35,786 கிமீ உயரத்தில் நிற்கிறது. சிக்னல் மேலே போய்க் கீழே இறங்கவே கால் விநாடி. பதிலும் அதே வழியாக வர வேண்டும், ஆக அரை விநாடி போச்சு. சதுரங்கம் ஆடலாம். ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டச் சாட்டிலைட்டுகள் சுமார் 550 கிமீ உயரத்தில் சுற்றுவதால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது, ஆட முடியும். ஆனால் ஒரு சாட்டிலைட் நகர்ந்து இன்னொன்று பொறுப்பேற்கும்போது பிங் சற்றுத் துள்ளும். வானம் மறைக்கிற மரமோ மாடியோ இருந்தால் இன்னும் மோசம். ஃபைபர் வரும்வரை சமாளிக்கலாம்.

அரைத்தூக்கம்:

அம்மாவிடம் இரண்டு நாள் அனுமதி கிடைத்தது. முடிவுகள் இதோ.

ரவுட்டருக்கு: லேன் கேபிளில் எப்போதும் 1-க்குக் கீழே. வைஃபையில் பெரும்பாலும் 3, ஆனால் நூற்றில் ஏழெட்டு தடவை 60 முதல் 110 வரை போகிறது.

நிறுவனத்தின் முதல் படிக்கு, லேன் கேபிளில்: காலையில் 9, அசையவில்லை. இரவு ஒன்பதுக்கு 9 முதல் 75 வரை ஊஞ்சல் ஆடுகிறது. நூறில் மூன்று பொட்டலம் திரும்பவே இல்லை. வீட்டில் எல்லாம் அணைத்திருந்தேன்.

சர்வருக்கு: காலையில் 36, இரவில் 40 முதல் 130 வரை.

அப்லோட் சோதனையும் போட்டேன். காலையில் 10. இரவில் 2.8!

இன்னொன்று. தங்கை போனில் இருக்கும் படங்களை கிளவுடுக்கு ஏற்றும்போது தற்செயலாக பிங் ஓடிக்கொண்டிருந்தது. 400 தாண்டியது. அதுவும் காலையில்.

கம்பியாள்:

அருமையாகச் சோதித்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு நோய் இல்லை, மூன்று.

வைஃபை முதலாவது. இதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 5-க்கு மாறுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதற்குள்ளேயே நெருக்கியடிக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரையும். ஆனாலும் லேன் கேபிளுக்கு ஈடு லேன் கேபிள்தான். சுவர் ஓரமாக, கதவு நிலையைச் சுற்றி, பட்டைக் குழாய்க்குள் ஓட்டினால் அம்மாவும் ஒத்துக்கொள்வார்.

இரண்டாவது, அந்த இரவு ஊஞ்சல். இது நிறுவனத்தின் கோளாறுதான், அதுவும் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. கேபிள் டிவி வயரில் வரும் இணைப்பில் ஒரு பகுதி வீடுகள் எல்லாம் ஒரே வயரின் கொள்ளளவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கீழே வரும் வழிக்கு நிறைய இடம் ஒதுக்கி, மேலே போகும் வழியைக் குறுக்கி வைத்திருப்பார்கள். இரவில் எல்லோரும் வீடியோ அழைப்பு, கேமரா, படம் ஏற்றுதல் என்று உட்கார்ந்தால் நெரிவது அந்தக் குறுகிய வழிதான். உங்கள் ஸ்பீடு டெஸ்ட் 280 காட்டியதற்கும் ஆட்டம் திணறியதற்கும் விடை இங்கே இருக்கிறது. நீங்கள் சுட்ட செய்தி சர்வருக்குப் போக வேண்டியது மேலே போகும் வழியில்தானே. 500 பிளான் வாங்கினாலும் அதே வயர், அதே நெரிசல்.

மூன்றாவது, தங்கை படம் ஏற்றியபோது வந்த 400. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். மோடம் தன்னிடம் வருகிற பொட்டலங்களை எறியாமல் நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கிறது. படத்தின் ஆயிரம் பொட்டலங்களுக்குப் பின்னால் உங்கள் ஒரு பொட்டலம் நிற்கிறது. ரவுட்டரில் எஸ்கியூஎம் என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் சரிசெய்யலாம். எஃப்கியூ-கோடெல் அல்லது கேக் என்ற முறையைத் தேர்ந்து, வேக வரம்பை உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்தால், வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரவுட்டரில் நிற்கும். அங்கே சின்னப் பொட்டலங்களுக்கு முதலில் வழி கிடைக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டர்களில் இது இலவசமாகவே வரும். 'கேமிங் ரவுட்டர்' என்று கொம்பு முளைத்த மாதிரி நான்கு ஆன்டெனாவோடு விற்பதை வாங்கத் தேவையில்லை.

ஆனால் உங்கள் இப்போதைய இணைப்பில் இது முழுப் பலன் தராது. இரவில் அப்லோட் 10-இலிருந்து 2.8-க்கு இறங்குகிறதே, வரம்பை எந்த எண்ணுக்கு வைப்பீர்கள்?

அரைத்தூக்கம்:

அப்படியானால் ஃபைபரா, 5ஜியா? ஃபைபரிலும் பங்கீடு இருக்கும் என்கிறார்களே.

கம்பியாள்:

இருக்கிறது. பரவலாக இருக்கும் ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஓர் இழையின் 2.5 ஜிபிபிஎஸ் கீழ்வழியும் 1.25 ஜிபிபிஎஸ் மேல்வழியும் பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகின்றன. உங்கள் கேபிள் டிவி வயரின் மேல்வழியோடு ஒப்பிட்டால் இது தாராளம். 5ஜி காற்றில் வருவது. கோபுரத்தின் நெரிசல், சுவர், மழை என்று பிங் ஆடிக்கொண்டே இருக்கும். சிலருக்கு நன்றாகவே ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஃபைபர் கிடைக்கிற தெருவில் விளையாட்டுக்காக 5ஜி எடுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. நூறு எம்பிபிஎஸ் நான்கு பேருக்குப் போதும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அதே ஃபைபர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது பிடியுங்கள். இரவு ஒன்பதுக்கு லேப்டாப்போடு போய், கேபிள் செருகி, உங்கள் சர்வருக்கே பிங் போடுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

பிங்பித்தன்:

அங்கே போனால் டிரேஸ்ரூட்டும் எடுங்கள். ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிமீ போகிறது. அதாவது போய்வர 100 கிமீக்கு 1 மில்லி விநாடி. சர்வர் 1,500 கிமீ தள்ளி இருந்தால் 15-க்குக் கீழே எந்த நிறுவனத்தாலும் போக முடியாது. 25, 30 வந்தால் நல்ல பாதை. 80 வந்தால் பொட்டலம் எங்கோ சுற்றுலா போய்வருகிறது என்று அர்த்தம். நிறுவனங்கள் ஒன்றோடொன்று எங்கே கைகோத்துக்கொள்கின்றன என்பதில்தான் இந்த வித்தியாசம்.

நடு வரிகளில் நட்சத்திரக் குறியோ இழப்போ தெரிந்தால் பதறாதீர்கள். இடையில் இருக்கும் ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். இழப்பு அந்த வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை தொடர்ந்தால்தான் உண்மையான இழப்பு.

ஓரக்கண்:

புது இணைப்பில் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரடியாக அணுகக்கூடிய, உங்களுக்கே உரிய முகவரி) கிடைக்குமா என்றும் கேளுங்கள். நான் போன தடவை கேட்காமல் எடுத்துவிட்டு, நண்பர்களோடு குழு அமைக்க முடியாமல் திண்டாடினேன்.

அரைத்தூக்கம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மேல்மாடிக்காரரிடம் அந்த ஃபைபர் இருந்தது. இரவு ஒன்பதுக்குப் போனேன். முதல் படிக்கு 3, 4. சர்வருக்கு 31, நூறில் ஒன்றும் தொலையவில்லை. மறுநாளே பதிவுசெய்துவிட்டேன்.

இப்போது இரவில் 31 முதல் 34. தங்கை படம் ஏற்றினால் 75 வரை போனது. பழைய ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றி, இரு பக்கமும் 90-க்கு வரம்பு வைத்தேன், 37-க்கு மேல் போகவில்லை. லேன் கேபிள் கதவு நிலையைச் சுற்றி ஓடுகிறது. அம்மா இன்னும் அதை முறைத்துத்தான் பார்க்கிறார்.

ஒரே குறை. ஆட்டத்தின் அமைப்பில் நேட் (பல சாதனங்கள் ஒரே முகவரியைப் பகிர ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்) வகை 'ஸ்ட்ரிக்ட்' என்று வருகிறது. சர்வரில் ஆடும்போது தொந்தரவு இல்லை, நண்பன் அறையை உருவாக்கி அழைத்தால் மட்டும் குரல் அரட்டை அறுந்துபோகிறது.

கம்பியாள்:

ஃபைபர் பெட்டியின் வெளிப்பக்க ஐபி என்ன? 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் சிஜிநேட். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள்.

அரைத்தூக்கம்:

100.71 என்று தொடங்குகிறது. பழைய ரவுட்டரின் வெளிப்பக்கம் 192.168.

கம்பியாள்:

அப்படியானால் வீட்டுக்குள்ளேயே இரண்டு நேட், வெளியே ஒன்று. முதலில் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், ரவுட்டர் வேலையை உங்கள் பழைய ரவுட்டர் மட்டும் செய்யட்டும். ஐபிவி6 (முகவரிப் பற்றாக்குறை இல்லாத புதிய முகவரி முறை) இருந்தால் இயக்குங்கள், அதை ஆதரிக்கிற ஆட்டமாக இருந்தால் அதோடு சரியாகிவிடும். பிறகும் ஸ்ட்ரிக்ட் என்றால் பொது ஐபி கேளுங்கள். சில நிறுவனங்கள் கேட்டாலே தருவார்கள், சிலர் மாதக் கட்டணம் வைப்பார்கள். போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து வருவதை உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் அமைப்பு) மட்டும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், சிஜிநேட்டுக்குப் பின்னால் அது வேலை செய்யாது.

அரைத்தூக்கம்:

பிரிட்ஜ் முறைக்கு இன்று விண்ணப்பித்துவிட்டேன். இரண்டு நாளில் ஆள் வருவாராம். வந்ததும் எழுதுகிறேன்.