வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொன்னவர்கள், வாங்கியவர்கள்: என்ன நடந்தது, சொல்லுங்கள்

அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம், கார் புக் பண்ணியாச்சு. கவுன்ட்டரில் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் டேமேஜ் கவர் வேண்டுமா என்று கேட்பார்களாமே. நாள் கணக்கில் கூட்டிப் பார்த்தால் வண்டி வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. என் கிரெடிட் கார்டில் வாடகைக் காருக்குக் கவர் உண்டு என்று போட்டிருக்கிறது. அதை நம்பி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? "உங்க இஷ்டம், உங்க ரிஸ்க்" மாதிரி பதில் வேண்டாம். நிஜமாகவே கீறல் விழுந்து, பணம் கட்டி, திரும்ப வாங்க அலைந்தவர்கள் எழுதுங்கள்.

*

வேண்டாம் என்று சொன்ன ஆள் நான், அதுவும் கார்டை நம்பித்தான்.

பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பினால், பின் பம்பரின் இடது மூலையை யாரோ உரசிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் காணோம். அடியில் ஒரு கிளிப் கழன்று தொங்குகிறது. இடித்தவர் துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நானே காட்டினேன். சில வாரம் கழித்து பில் வந்தது. பழுது பார்த்த செலவு ஒரு வரி. ஒர்க்‌ஷாப்பில் வண்டி நின்ற நாட்களுக்கு அவர்கள் இழந்த வாடகை ஒரு வரி. அதற்கும் கீழே நிர்வாகக் கட்டணம்!

கார்டின் கிளெய்ம் பிரிவு கேட்ட காகிதங்கள் ஒரு கோப்பு நிறையும். வாடகை ஒப்பந்தம், இறுதி பில், பழுதுக்கான மதிப்பீடு, போட்டோக்கள், முழு வாடகையும் அந்தக் கார்டிலேயே கட்டியதற்கான ஸ்டேட்மென்ட். இதெல்லாம் கைக்குக் கிடைப்பவை. சிக்கியது வாடகை இழப்பில்தான். அந்த நாட்களில் அவர்களிடம் வேறு வண்டி சும்மா நிற்கவில்லை என்று காட்டும் பதிவு இருந்தால்தான் அந்த வரிக்குப் பணம் தருவோம் என்றார்கள். வாடகை நிறுவனமோ அது எங்கள் உள் விவகாரம், தர முடியாது என்றது. இரண்டு பேருக்கும் நடுவில் மெயில் அனுப்பியே மாதங்கள் ஓடின. பழுதுச் செலவு முதலில் வந்துவிட்டது. வாடகை இழப்புக்கு ஆதாரம் கொடுங்கள் என்று நான் விடாமல் எழுதவும், கடைசியில் நிறுவனமே அந்த வரியை எடுத்துவிட்டது.

என் கையிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. ஆனால் இந்தக் கடிதப் போக்குவரத்துக்குப் பொறுமை இல்லாதவர் கார்டை நம்பக் கூடாது. இன்னொன்று: கார்டு கவர் வேண்டுமென்றால் பெரும்பாலும் கவுன்ட்டர் கவரை மறுத்தே ஆக வேண்டும். அதையும் வாங்கி வைத்தால் டபுள் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், கார்டுக்காரர் கையை விரித்துவிடுவார்.

*

நன்றி அண்ணா. விதிமுறையை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். என் கார்டில் "செகண்டரி" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?

*

உங்களுக்குச் சொந்த கார் பாலிசி இருந்தால் முதலில் அதில் கிளெய்ம் பண்ண வேண்டும், மிச்சத்தைத்தான் கார்டு தரும். சொந்த பாலிசியில் கிளெய்ம் விழுந்தால் பிரீமியம் ஏறலாம். ப்ரைமரி என்றால் உங்கள் பாலிசி பக்கமே போக வேண்டியதில்லை. சொந்த பாலிசியே இல்லாதவருக்கு செகண்டரியும் பல கார்டுகளில் ப்ரைமரி மாதிரியே வேலை செய்யும். போன் பண்ணிக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தெந்த நாட்டுக்குச் செல்லாது என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் வழங்கப்படும் சில கார்டுகளில் அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்கா விலக்கு. வேறு சிலவற்றில் இத்தாலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து.

*

எல்லோரும் பம்பரைப் பற்றியே பேசுகிறீர்களே. நான் ஒரு விஷயம் சொல்கிறேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கார்டு காப்பாற்றுவது நீங்கள் எடுத்த வண்டியை மட்டும்தான். நீங்கள் போய் இடித்த வண்டிக்கோ அடிபட்ட மனிதருக்கோ அதிலிருந்து ஒரு பைசா வராது. அதற்குப் பெயர் லயபிலிட்டி, அது தனி.

அமெரிக்காவில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிக்னலில் மெதுவாக உருண்டு முன்னால் நின்ற வண்டியைத் தொட்டோம். தொட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், எங்கள் வண்டியில் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் அந்த வண்டியிலிருந்து இறங்கிய அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். பிறகு வக்கீல் கடிதம் வந்தது. என் கணவர் கவுன்ட்டரில் டேமேஜ் கவரை மறுத்துவிட்டு, கூடுதல் லயபிலிட்டியை மட்டும் வாங்கியிருந்தார். கடிதத்தை அப்படியே அவர்களுக்கு அனுப்பினோம், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அது இல்லாமலிருந்தால் மாநிலச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான் துணை, சில நேரம் அதற்கும் சண்டை போட வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்தக் குறைந்தபட்சம் ஒருவர் காயத்துக்கு வெறும் 15,000 டாலராகவே பல பத்தாண்டுகள் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல்தான் 30,000 ஆக்கினார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரி பில்லுக்கு முன் இதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. வாடகை நிறுவனத்தின் மேல் கேஸ் போட்டுக்கொள்ளட்டும் என்றும் இருக்க முடியாது. வண்டியின் சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் வாடகை நிறுவனத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்று 2005-இலேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. கேஸ் ஓட்டியவர் மேல்தான் வரும்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் கட்டாயத் தேர்ட் பார்ட்டி கவரில் உடல் காயத்துக்கு உச்சவரம்பே கிடையாது. ஐரோப்பாவிலும் வாடகையோடு வருகிற தேர்ட் பார்ட்டி தொகை பெரியது. நியூசிலாந்தில் அடிபட்டவருக்கு அரசின் விபத்துத் திட்டம் பார்க்கிறது, வெளிநாட்டுப் பயணிக்கும் சேர்த்துத்தான். அதனால் எந்த நாடு என்று சொல்லாமல் வாங்கலாமா, விடலாமா என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது.

*

அக்கா சொன்னதோடு ஒன்று. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து, வெளிநாட்டவருக்கான தளத்தில் புக் பண்ணினால் டேமேஜ் கவரும் லயபிலிட்டியும் வாடகையிலேயே அடங்கியிருப்பது சகஜம். வவுச்சரில் பாருங்கள். இருப்பதையே கவுன்ட்டரில் இன்னொரு தடவை விற்றுவிடுவார்கள்.

எனக்கு விற்கப் பார்த்தார்கள். "உங்க கார்டு இங்கே செல்லாது சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பையன், முகத்தில் சலனமே இல்லாமல். கார்டு நிறுவனத்திடம் வாங்கிய கடிதத்தை நீட்டினேன். அதைப் படிக்கவே இல்லை, "அப்படியென்றால் டெபாசிட் ஹோல்டு அதிகமாகும்" என்று அடுத்த அஸ்திரத்துக்குப் போனார். இது பொய் இல்லை, மறுத்தால் கார்டில் பெரிய தொகையைப் பூட்டி வைப்பார்கள், அதற்கு லிமிட் இருக்க வேண்டும். சரி என்றேன். டேப்லெட்டைத் திருப்பி "இங்கே ஒரு கையெழுத்து" என்றார். மேலே தள்ளிப் பார்த்தால் டேமேஜ் கவருக்கு நேரே "ஏற்கிறேன்" என்று டிக் விழுந்திருந்தது! மாற்றச் சொன்னேன். "ஓ, சிஸ்டம் தானாகவே போட்டுடும்" என்றார். எந்த சிஸ்டமோ!

*

நான் எதிர்க்கட்சி. ஐஸ்லாந்தில் எல்லாவற்றையும் வாங்கினேன், மணலும் சாம்பலும் என்று தனியாக ஒன்று உண்டு, அதையும் சேர்த்து. தெற்குக் கடற்கரை வழியில் புழுதிக் காற்று அடித்தால் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆக்கிவிடும், சாதாரண டேமேஜ் கவரில் அது வராது. எங்களுக்கு முன்னால் வண்டியைத் திருப்பிக் கொடுத்த தம்பதியின் காரைப் பார்த்தேன். ஒரு பக்கம் பளபளப்பு, காற்று அடித்த பக்கம் முழுக்க மங்கி, ஹெட்லைட் கண்ணாடி பால் மாதிரி வெளுத்திருந்தது. அவர் அதை வாங்கவில்லை போல, பேச்சே இல்லை.

ஆனாலும் "ஃபுல் கவர்" என்ற சொல்லை நம்பாதீர்கள். காற்று கதவைப் பிடுங்கி மடக்கினால் பெரும்பாலும் நம் தலையில்தான். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பெரும்பாலான கவர்களில் அது வராது. பல நாடுகளில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி, கூரை எல்லாமே பட்டியலுக்கு வெளியே. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் மொத்தமும் ரத்து.

*

ஐரோப்பாவில் அடிக்கடி எடுப்பவன் என்ற முறையில்: அங்கே டேமேஜ் கவர் பெரும்பாலும் வாடகையிலேயே இருக்கும், ஆனால் எக்ஸஸ் என்று ஒரு தொகை வரைக்கும் நாம்தான் கட்ட வேண்டும். கவுன்ட்டரில் விற்பது அந்த எக்ஸஸைப் பூஜ்யமாக்குவதற்கு. அதையே வெளியில் தனி எக்ஸஸ் பாலிசியாக வாங்கினால் மிகவும் மலிவு, டயர் கண்ணாடிகூட சேர்ந்து வரும். ஒரே தொந்தரவு, முதலில் நம் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விட்டபோது அப்படித்தான் வாங்கினேன், போட்டோவும் பில்லும் மட்டும் கேட்டார்கள்.

இரவில் ஆள் இல்லாத ஆபீஸில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறவர்கள் கவனம். காலையில் அவர்கள் வந்து பார்க்கும் வரைக்கும் வண்டி பல ஒப்பந்தங்களில் நம் பொறுப்புதான். நான்கு பக்கமும், சக்கர ரிம், கண்ணாடி, கூரை, எரிபொருள் முள், கிலோமீட்டர் எல்லாம் தெரிகிற மாதிரி நிறுத்திய இடத்திலேயே ஒரே வீடியோவாக எடுங்கள். இருட்டாக இருந்தால் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள், நேராக அடித்தால் கீறல் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. கார்டு ஸ்டேட்மென்ட்டில் ஹோல்டு விடுபட்ட பிறகும் சில மாதம் அந்த வீடியோவை அழிக்காதீர்கள்.