கிராம்புப் பொடி சால்மோனெல்லா பி.சி.ஆர்: இன்டர்னல் கன்ட்ரோல் வரவே மாட்டேங்குது, உதவி தேவை

போடி_லேப்:
வணக்கம். மசாலா ஏற்றுமதிக்கு டெஸ்ட் செய்யும் சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். சால்மோனெல்லா கிருமிக்கு ரியல்-டைம் பி.சி.ஆர் கிட் (கிருமியின் டி.என்.ஏவைப் பெருக்கிக் காட்டுறது). மல்லிப் பொடியெல்லாம் சரியா ஓடுது. கிராம்பு மட்டும் 'இன்வாலிட்'. 25 கிராம், 225 மி.லி பி.பி.டபிள்யூ (கிருமியை வளர்க்கிற பெப்டோன் தண்ணி), 37 டிகிரி, 18 மணி நேரம்; அப்புறம் கொதிக்க வைத்து டி.என்.ஏ எடுக்கிறோம். பாசிட்டிவ் கன்ட்ரோல் நல்லா எழும்புது, சாம்பிள் குழாயில் ஐ.சி (இன்டர்னல் கன்ட்ரோல், ரியாக்ஷன் சரியா ஓடுச்சான்னு காட்டுறது) கோடு தரையோட கிடக்குது. கிட் கெட்டுப்போச்சா? பார்ட்டி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கார்.

கோவை_மாலிக்யூலர்:
கிட் நல்லாத்தான் இருக்கு, இல்லேன்னா மல்லியும் வந்திருக்காது. கிராம்பில் பாலிஃபீனால் ஜாஸ்தி. அது லைசேட்டோட (கொதிக்க வைத்து எடுத்த கரைசல்) வந்து, டி.என்.ஏவைப் பெருக்குற பாலிமரேஸ் என்சைமைத் தடுக்குது. லைசேட் பழுப்பா இருக்கா பாருங்க. நியூக்ளியேஸ் இல்லாத தண்ணியில் 1:10 கலந்து ஓட்டுங்க. அப்பவும் வரலேன்னா காலம் (column, வடிகட்டிக் குழாய்) கிட்ல டி.என்.ஏவைச் சுத்தம் பண்ணுங்க.

போடி_லேப்:
ரொம்ப நன்றி சார். பழுப்புதான். 1:10-லயே ஐ.சி வந்துடுச்சு, சால்மோனெல்லா நெகட்டிவ். ரிப்போர்ட் போட்டுடலாமா?

மைக்ரோ_அக்கா:
தம்பி, தயவுசெய்து போடாதீங்க. ஐ.சி பி.சி.ஆர் குழாய்க்குள்ள நடந்ததை மட்டும்தான் சொல்லும். அதுக்கு முன்னாடி 18 மணி நேரம் பிளாஸ்க்குல என்ன நடந்ததுன்னு அதுக்குத் தெரியாது. கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜெனால் கிருமியை வளரவிடாது. அடிபட்டுக் கிடக்கிற நாலைந்து செல் பெருகலேன்னா பி.சி.ஆர் எதைப் பிடிக்கும்?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏவின் பி.ஏ.எம் (உணவுக் கிருமிச் சோதனை) கையேட்டில், மசாலாவை எவ்வளவு வளர்ப்புத் திரவத்தில் போடணும்னு தனி விகிதம் இருக்கு: பட்டைக்கு 1:100, கிராம்புக்கு 1:1000. வெங்காயம், பூண்டுப் பொடிக்கு டி.எஸ்.பி என்கிற வளர்ப்புத் திரவத்தில் பொட்டாசியம் சல்ஃபைட் சேர்க்கணும். நீங்க பிளாஸ்க்குல போட்டது 1:10.

ஒரு ஸ்பைக் டெஸ்ட் பண்ணுங்க. அதே கிராம்பில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் உயிருள்ள சால்மோனெல்லா சேர்த்து, 1:10, 1:100, 1:1000 மூணிலும் வளர்த்து, பி.சி.ஆரோட எக்ஸ்.எல்.டி (சால்மோனெல்லாவை அடையாளம் காட்டுற அகார்) தட்டிலும் போடுங்க. பார்ட்டி சாம்பிள் வேலை முடிஞ்ச பிறகு, தனி கேபினெட்டில். 2009–10-ல் அமெரிக்காவில் சலாமி மேல தூவின மிளகால சால்மோனெல்லா பரவி 270 பேருக்கு மேல படுத்தாங்க. சமைச்ச பிறகு தூவுற பொருள்ல கிருமியைக் கொல்ல வேற கட்டமே இல்லை. அதான் இவ்வளவு சொல்றேன்.

ஸ்டீம்_யூனிட்:
எங்களுக்கு நேர் எதிர். நீராவியில் ஸ்டெரிலைஸ் பண்ண மிளகுல பி.சி.ஆர் பாசிட்டிவ், தட்டுல ஒண்ணுமில்லை.

மைக்ரோ_அக்கா:
செத்த செல்லின் டி.என்.ஏவாகவும் இருக்கலாம். என்ரிச்மென்ட் (கிருமியை வளர்த்துப் பெருக்குற கட்டம்) தொடங்கும்போது எடுத்த வளர்ப்புத் திரவத்தையும் முடிவில் எடுத்ததையும் சேர்த்து ஓட்டுங்க. சி.டி (பி.சி.ஆர் சிக்னல் எழும்புற சுற்று எண்; டி.என்.ஏ கூடினா இது குறையும்) குறையவே இல்லேன்னா அங்க எதுவும் வளரலை. ஆனாலும் ஆர்.வி.எஸ், எம்.கே.டி.டி.என் (சால்மோனெல்லாவை மட்டும் வளர விடுற திரவங்கள்) வழியா கல்ச்சர் முடியற வரை சரக்கை விடாதீங்க.

போடி_லேப்:
அக்கா, ஸ்பைக் முடிஞ்சது. 1:10-ல் பி.சி.ஆர், தட்டு ரெண்டும் காலி. 1:1000-ல் ரெண்டுலயும் வந்துடுச்சு. ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன். ஆனா 25 கிராமுக்கு 25 லிட்டர் ஆகுதே, 2.5 கிராம் எடுத்தா போதுமா?

மைக்ரோ_அக்கா:
போதாது, விதி 25 கிராமில் இல்லைன்னுதான் கேட்குது. பல பாட்டிலாப் பிரிச்சு வைங்க, எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணணும். டி.எஸ்.பியை முந்தின நாளே 35 டிகிரிக்குக் கொண்டு வந்துடுங்க, அவ்வளவு தண்ணி சூடேறவே பல மணி நேரம் ஆகும். இந்த விகிதத்துக்கு வேலிடேஷன் இருக்கான்னு கிட் கம்பெனியில் எழுத்துல கேளுங்க.